நாய்க்கு ஒரு மல்லாட்டை

நேற்றுச் சாயங்காலம் விழுப்புரம் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ஷேர் ஆட்டோவில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா மடியில் தோலோடு வேகவைத்த வேர்க்கடலையை, நம் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, கொட்டி வைத்து, உரித்துத் தின்றபடி வந்தார். ஆட்டோ முழுக்க அந்த வாசனை. என்னைப் பார்த்துவிட்டு, "சாப்பிடு கண்ணு, சூடா கீது" என்று ஒரு பிடி அள்ளி என் கையில் வைத்தார். ஒன்றை உடைத்தேன். ஒரு தோல், உள்ளே இரண்டு பருப்பு. எனக்குச் சுர்ரென்று கோபம் வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அந்த அம்மா, "இன்னாம்மா, சொத்தையா?" என்று கேட்டார். இல்லைங்க என்று சொல்லிவிட்டு வெளியே பார்த்தேன். செத்துப்போன ஒருத்தி மேல் கோபம் என்று ஷேர் ஆட்டோவில் எப்படிச் சொல்வது?

உன்மேல்தான் கோபம். நீ போய் வருஷம் திரும்பப் போகிறது. "செத்தவ மேல கோவத்த வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? வுட்டுடு" என்று அம்மா சொல்லிப் பார்த்துவிட்டாள். அம்மாவுக்கு என் தொழில் புரியாது. இத்தனை வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன். எதிர்வாதி இறந்துபோனால் வழக்கு அதோடு முடிந்துவிடாது. வாரிசைச் சேர்க்க ஒரு மனு போட்டுவிட்டு, விட்ட இடத்திலிருந்து நடத்தலாம். நான் அதைத்தான் செய்தேன். என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் நீ சிரிப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன்.

எல்லாம் உன் ஜெராக்ஸ் கடையில் ஆரம்பித்தது. திண்டிவனத்தில் ஒன்றாகக் காலேஜ் முடித்தோம். நான் விழுப்புரத்தில் வக்கீல் ஆபீசுக்கு வந்துவிட்டேன். நீ அங்கேயே பிரிண்ட், லேமினேஷன், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் என்று கடை போட்டாய். யாரோ ஒருவர் ஒரு ஆங்கிலப் புத்தகத்தை மெயிலில் அனுப்பி, முழுவதையும் பிரிண்ட் போட்டு ஸ்பைரல் பைண்டிங் செய்து வைக்கச் சொல்லியிருந்தார். வாங்கிப் போக வரவே இல்லை. கடையில் ஆளில்லாத மத்தியானங்களில் நீ அதைப் படித்தாய். படித்து முடித்த அன்று எனக்குப் போன் செய்தாய்.

"மேகலா, ஒரு ஆட்டம் கீதுடி. கட்டம் கெடையாது, காய் கெடையாது. ஒருத்தி கதை சொல்லுவா, மத்தவங்க அந்தக் கதைக்குள்ள பூந்து வாழணும். சண்டை வந்தா பகடை. செத்தா செத்ததுதான். ஞாயித்துக்கெழம வா."

வந்தேன். ஆறு வருஷம் வந்தேன். ஞாயிறு காலையில் விழுப்புரத்தில் பஸ் ஏறினால் பத்து மணிக்கு உன் கடையில் இருப்பேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, லேமினேஷன் மிஷினை ஓரமாகத் தள்ளிவிட்டு, பேப்பர் வெட்டும் மேஜையைச் சுற்றி நாலு பேர் உட்காருவோம். கதை சொல்பவள் நீ. ஆடுபவர்கள் மூன்று பேர்: நான், உன் தங்கை பிரேமா, ஒலக்கூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஜெரால்டு. எங்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். அதை 'என் ஆள்' என்போம். அந்த ஆளின் ஆயுதம், பலம், மிச்சமிருக்கும் உயிர் எத்தனை என்ற எண் எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். இருபது முகப் பகடையில் எண் பெரிதாக விழுந்தால் அடி விழும், அடிக்கு அடி உயிர் குறையும். எதிரே வருகிற திருடன், வேட்டைக்காரன், பிசாசு எல்லாரையும் நீ ஒருத்தியே ஆட்டி வைப்பாய். உனக்கு அதில் இருந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே. ஊரில் யாரிடமும் அதட்டிப் பேசாதவள் நீ; பிசாசாகப் பேசும்போது மட்டும் பக்கத்துக் கடைக்காரர் எட்டிப் பார்ப்பார்.

ஒரு சண்டை எவ்வளவு கடினமானது என்று கணக்குப் போட அந்தப் புத்தகத்தில் நாலு பக்கத்துக்கு அட்டவணை இருந்தது. அதைப் பார்த்ததும், "இது பெரிய பேஜாரா கீதே" என்று மூடிவிட்டாய். மேஜைமேல் ஜெரால்டு கொண்டுவந்த பச்சை மல்லாட்டை கிடந்தது. அதில் உன் சட்டம் பிறந்தது. எங்கள் பக்கம் ஆளுக்கு ஒரு மல்லாட்டை, மூன்று. எதிர்ப்பக்கம் எதிரிக்கு ஒரு மல்லாட்டை. எதிர்ப்பக்கம் குறைவாக இருந்தால் ரத்தம் வரும், உயிர் போகாது. சரிசமமாக இருந்தால் யாராவது ஒருத்தர் விழுவோம். அதிகமாக இருந்தால் ஓடிவிட வேண்டும். ஒவ்வொரு சண்டைக்கும் முன்னால் நீ மேஜையில் மல்லாட்டையை வைப்பாய். நாங்கள் எண்ணிப் பார்த்து, நிற்பதா ஓடுவதா என்று முடிவு செய்வோம். அந்த மல்லாட்டைதான் உன் வாக்கு. அதை நம்பித்தான் நாங்கள் நின்றோம்.

அப்புறம் அந்தச் சுவர். யாருடைய ஆள் செத்தாலும் அவருடைய தாளை லேமினேட் செய்து, ஓட்டை போட்டு, கலர் பேப்பர் ரேக்குக்கு மேலே ஆணியில் தொங்கவிடுவாய். லேமினேட் செய்த தாளில் இனி எழுத முடியாது. அழிக்கவும் முடியாது. ஜெரால்டின் ஆள் ஒருமுறை செத்தபோது, அவன் தாளின் மூலையில் அந்த ஆள் வளர்த்த கிளியின் பெயரும் இருந்தது. ஜெரால்டு தாளைத் தொங்கவிடக் கேட்டான். நீ தரமாட்டேன் என்றாய். "கிளி உயிரோட கீதில்ல? தாள்ல ஒரு உசுரு இருக்கற வரைக்கும் மிஷின்ல வுட மாட்டேன்" என்றாய். நாங்கள் சிரித்தோம். நான் அன்றைக்கே இதைக் குறித்து வைத்திருக்க வேண்டும். சண்டைக் கணக்கில் நீ ஒருநாளும் சேர்க்காத மிருகத்தை, சாவுக் கணக்கில் சேர்த்தாய்.

ஆமாம், சேர்க்கவில்லை. மூன்று முறை சேர்க்கவில்லை. அந்தச் சுவரில் என் தாள்கள் மூன்று தொங்குகின்றன. மூன்று பேரும் செத்தது கணக்கில் வராத மிருகத்தால்தான்.

முதல் ஆளை ஒரு கொள்ளைக்காரனின் கழுகு கண்ணில் கொத்தி, மரப்பாலத்திலிருந்து கீழே தள்ளியது. சரி, புதுசு, உனக்கும் தெரியாது என்று விட்டேன். இரண்டாவது ஆள் ஒரு பாம்பாட்டியின் பாம்பு கடித்துச் செத்தான். பாம்பாட்டிக்கு ஒரு மல்லாட்டை வைத்தாய், பாம்புக்கு வைக்கவில்லை. பாம்பு இல்லாத பாம்பாட்டிக்கு எதற்கு ஒரு மல்லாட்டை என்று அப்போதே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சிநேகிதி என்று விட்டேன்.

மூன்றாவது ஆள் வேலம்மா. ஈட்டிக்காரி. ஒரு வருஷத்துக்கு மேல் அவளாக வாழ்ந்தேன். கோர்ட்டு வராந்தாவில் நிற்கும்போது, எங்கள் வக்கீல் கட்சிக்காரர் எதிரிலேயே என்னைத் திட்டும்போது, வேலம்மா இந்நேரம் என்ன செய்திருப்பாள் என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். உனக்கு அது தெரியும். நான்தான் சொன்னேன்.

பாறைக் குன்று. வழியில் ஒரு வேட்டைக்காரன், அவனுடைய கையாள். நீ இரண்டு மல்லாட்டை வைத்தாய். நாங்கள் மூன்று. "நிக்கிறோம்" என்று நான்தான் சொன்னேன். வேட்டைக்காரன் வில்லோடு பாறைமேல் ஏறிக்கொண்டான். அடுத்த நிமிஷம் புதருக்குள்ளிருந்து ஒரு சிறுத்தை வேலம்மாமேல் பாய்ந்து கீழே தள்ளியது. விழுந்து கிடப்பவள்மேல் அம்பு விடுவது சுலபம். வேட்டைக்காரன் விட்டான். பிரேமா தன் முறை முழுவதையும் சிறுத்தையை இழுப்பதில் செலவழித்தாள். ஜெரால்டு கையாளோடு மாட்டிக்கொண்டான். பாறைமேல் இருந்தவனை ஒருவரும் தொடவில்லை. இரண்டு மல்லாட்டைச் சண்டையில் மூன்று பேருக்கும் மேலான அடி விழுந்தது. மூன்றாவது சுற்றில் வேலம்மா செத்தாள்.

"சிறுத்தைக்கு மல்லாட்டை எங்கடி?" என்று கேட்டேன். 

"அது வேட்டக்காரனோடதுடி. தனியாவா வந்துது?" என்று ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்துக் காட்டினாய். "இத பாரு. தோல் ஒண்ணு. உள்ள பருப்பு ரெண்டு. எண்ணும்போது தோலத்தான் எண்ணணும்."

"திங்கும்போது?"

இரண்டு பருப்பையும் வாயில் போட்டுக்கொண்டு சிரித்தாய். சிரித்துக்கொண்டே மிஷினைச் சூடுபண்ணி, வேலம்மாவின் தாளை உள்ளே விட்டாய். அந்தச் சூடான பிளாஸ்டிக் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது.

"ஒருநாள் உன் ஆளை நான் கொல்லுவேன்" என்றேன். "உன் தாள என் கையால அந்தச் செவுத்துல தொங்கவுடுவேன். பாத்துக்கினே இரு."

"எனக்கு ஏதுடி ஆளு? நான் கதை சொல்றவ" என்றாய்.

அன்று பஸ்ஸில் விழுப்புரம் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். ஒரு தாளுக்காக அழுகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் வெட்கம் போய்விட்டது. கோபம் மட்டும் மிஞ்சியது. கோபம் எனக்கு நல்ல வேலைக்காரி. அடுத்த ஒரு மாசம், கட்சிக்காரர்கள் வராத நேரங்களில் ஆபீஸ் டைரியின் பின்பக்கத்தில் அதே சண்டையைத் திரும்பத் திரும்ப நானே தனியாக ஆடிப் பார்த்தேன். வேட்டைக்காரனை மட்டும் வைத்து ஆடினால் எங்கள் மூவருக்கும் பெரிய காயம் இல்லை. சிறுத்தையை மட்டும் வைத்தாலும் சமாளித்துவிட்டோம். இரண்டையும் சேர்த்து வைத்தால் யாராவது ஒருத்தர் சாகிறோம்.

ஏன் என்று அப்போது புரிந்தது. எத்தனை தலை என்பது விஷயமில்லை. ஒரு சுற்றில் எதிர்ப்பக்கம் எத்தனை முறை பகடையை உருட்டுகிறது என்பதுதான் விஷயம். மிருகம் தன்பாட்டுக்கு அடிக்கும் என்றால் அது ஒரு முழு ஆள். எஜமானன் தன் முறையை விட்டுக்கொடுத்து ஏவினால்தான் அடிக்கும் என்றால் பாதி ஆள். மோப்பம் பிடிக்கவும் குரைக்கவும் மட்டும்தான் என்றால் சண்டையில் சேர்க்க வேண்டாம், ஆனால் அது இருக்கும் இடத்தில் ஒளிந்து போகலாம் என்று நினைக்கக் கூடாது. மிருகம் தள்ளிவிட, விழுந்தவளை எஜமானன் அடிப்பான் என்றால், அந்தக் கூட்டுக்கு மேல்கொண்டு ஒரு பாதி. இதையும் எழுதினேன்: நாம் மிருகத்தின்மேல் செலவழிக்கிற ஒவ்வொரு அடியும் எஜமானனுக்கு விழாத அடி.

அதை ஒரு மனுவாகவே எழுதி, மூன்று நகல் உன் கடையிலேயே எடுத்தேன். உன்மேல் போட்ட மனுவுக்கு நீயே ஸ்டேப்பிள் அடித்துக் கொடுத்தாய். நின்றுகொண்டே படித்தாய். "நல்லாத்தான் எழுதியிருக்க. பாக்கலாம்" என்றாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சாமியாருக்கு ஒரு மல்லாட்டை வைத்தாய். அவருக்குப் பின்னால் ஒரு கரடி வந்தது. அன்று ஓடிப் பிழைத்தோம்.

அதற்கப்புறம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்: ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் கதை சொல்ல வேண்டும், நீ ஆட வேண்டும். நீ வாய்தா வாங்கிக்கொண்டே போனாய். பொங்கல் கழியட்டும் என்றாய். பிள்ளைகளின் பிராஜெக்ட் வேலை முடியட்டும் என்றாய். கல்யாணப் பத்திரிகை சீசன் என்றாய். நான் விடவில்லை. எத்தனை எதிர்வாதிகளைப் பார்த்தவள் நான். கடைசியில் ஒருநாள் சலித்துப்போய், "ஆடி கழிச்சி வச்சிக்கலாம். என் ஆளைக் கொல்லு பாக்கலாம்" என்றாய். அன்றே உட்கார்ந்து உன் ஆளுக்குத் தாள் எழுதினாய். எழுதும்போது கையால் மறைத்துக்கொண்டாய், பரீட்சையில் மறைப்பாயே, அதே மாதிரி. நான் எட்டிப் பார்க்கவில்லை. எனக்கு எதற்கு? நான் என் சண்டையை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தேன். அதே பாறைக் குன்று. அதே வேட்டைக்காரன். அதே சிறுத்தை.

ஆடி முடிவதற்குள் உனக்குக் காய்ச்சல். முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், அப்புறம் மஞ்சள் காமாலை என்றார்கள், அப்புறம் பாண்டிச்சேரியில் சேர்த்தார்கள். ஒரு மத்தியானம் பார்க்க வந்தேன். கண்ணெல்லாம் மஞ்சளாகப் படுத்திருந்தாய்.  ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதும் வராது.

"ஜல்தியா எந்திரிச்சி வா. உன்னக் கொல்லணும்" என்றேன்.

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நீ உதடு வெடித்திருந்தும் சிரித்தாய்.

"உன்னால முடியாதுடி" என்றாய்.

நாலாம் நாள் ஜெரால்டு போன் செய்து, "அக்கா, போயிட்டாங்கக்கா" என்றான். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? தப்பித்துவிட்டாள் என்றுதான் தோன்றியது. அழுகை அதற்கப்புறம்தான் வந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

ஊருக்கெல்லாம் கண்ணீர் அஞ்சலி அடித்துக் கொடுத்தவளுக்கு, உன் கடைக் கம்ப்யூட்டரிலேயே நீ செய்து வைத்திருந்த டிசைனை எடுத்து, படத்தையும் பெயரையும் மட்டும் மாற்றினோம். ஜெரால்டு மவுஸைப் பிடித்திருந்தான். படத்தை நான் எடுத்துக் கொடுத்தேன். இருபது முகப் பகடையைப் பல்லில் கடித்துக்கொண்டு நீ சிரிக்கிற படம் ஒன்று இருந்தது. அதைத்தான் போட வேண்டும் என்று ஆசை. உன் அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட் சைஸ் படம்தான் திண்டிவனம் முழுவதும் ஒட்டப்பட்டது. அதில் நீ ரொம்ப நல்லவளாகத் தெரிந்தாய்.

நாலு மாசம் கழித்து பிரேமா கூப்பிட்டாள். கடையை இப்போது அவள்தான் பார்க்கிறாள். "அக்கா, எங்க அக்காவோட ஆளு தாளு டிராயர்ல கீது. அத நான் ஆடறேன். நீங்க வச்சிருந்த சண்டைய வைங்க" என்றாள்.

"உங்க அக்கா ஆள் செத்துடும் பிரேமா. நான் வுட மாட்டேன்."

"தெரியும்க்கா. வாங்க."

வாரிசு தானாக வந்து ஆஜரானால் குமாஸ்தா வேண்டாம் என்பாளா? ஞாயிற்றுக்கிழமை போனேன். நீ உட்காரும் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அது இன்னும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது, அதன் காலுக்குக் கீழே நீ மடித்து வைத்த அட்டையோடு. பிரேமாவிடம் உன் தாள். ஜெரால்டிடம் அவன் தாள். அவர்கள் பக்கம் இரண்டு பேர்.

பிரேமா தாளைப் படித்தாள். உன் ஆள் ஒரு வைத்தியக்காரி. கையில் தடி. கூட ஒரு நாய்.

நாய்! என் வாழ்க்கையை மிருகங்களை வைத்தே நாசம் பண்ணிவிட்டு, உனக்கும் ஒரு நாயைச் சேர்த்துக்கொண்டிருக்கிறாய். பெயர் என்று எழுதி, எதிரே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாய்.

நான் நியாயமாகத்தான் வைத்தேன். உன்னைப் போல ஏமாற்றவில்லை. வேட்டைக்காரனுக்கு ஒன்று. சிறுத்தைக்கு ஒன்று. இரண்டும் சேர்ந்து ஒரே ஆளைப் பிடிப்பதற்கு இன்னொன்றை உடைத்துப் பாதி. எதிர்ப்பக்கம் இரண்டரை. அவர்கள் பக்கம் ஆளுக்கு ஒன்றாக இரண்டு வைத்துவிட்டுக் கையை எடுத்தேன்.

"நாய்க்கு?" என்று பிரேமா கேட்டாள்.

நான் எத்தனை வருஷம் அந்த ஒரு கேள்விக்காகச் சண்டை போட்டேன். எத்தனை பக்கம் எழுதினேன். தன்பாட்டுக்கு அடித்தால் ஒன்று, ஏவினால் அடித்தால் பாதி என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அந்த நிமிஷம் உன் வாயிலிருந்து வந்ததை உனக்கே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அவ்வளவு இனிப்பாக இருந்தது.

"நாய் கணக்குல வராது. உங்க அக்கா போட்ட சட்டம்" என்றேன்.

ஜெரால்டு மேஜையைப் பார்த்தான். "ரெண்டுக்கு ரெண்டரை. ஓடிப் போயிடலாம் பிரேமா" என்றான். "நிக்கிறோம்" என்றாள் பிரேமா. அவள் குரல் உன் குரல் மாதிரியே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை.

சண்டை நான் எழுதி வைத்தபடியே போனது. சிறுத்தை பாய்ந்து உன் வைத்தியக்காரியைத் தள்ளியது. பாறைமேலிருந்து அம்பு வந்தது. ஜெரால்டு இந்த முறை சிறுத்தையை விட்டுவிட்டு நேராகப் பாறைமேல் ஏறப் பார்த்தான், அதற்குள் இன்னொரு அம்பு. மூன்றாவது சுற்றில் உன் உயிர் பூஜ்யத்துக்கு வந்தது. வேலம்மா செத்த அதே சுற்று. நான் பென்சிலை எடுத்து உன் தாளில் கோடு போட்டேன்.  வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

"மிஷின ஆன் பண்ணு" என்றேன்.

"இருங்கக்கா. நாய் இன்னும் ஆடல" என்றாள் பிரேமா.

எஜமானி விழுந்துவிட்டால் ஏவ ஆளில்லை. அப்படியானால் மிருகம் என்ன செய்யும்? ஸ்பைரல் பைண்டிங் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். எஜமானி விழுந்தால், அதன்பின் அந்த மிருகம் யார் ஏவலும் இல்லாமல் தன்பாட்டுக்கு அடிக்கும், அவள் கிடக்கும் இடத்தைவிட்டு நகராது என்று போட்டிருந்தது. அந்த வரியின் கீழே பேனாவால் கோடு. உன் கோடு. நான் அந்த வரியைப் படிக்காமலா விட்டேன்? படித்திருக்கிறேன். என் வேட்டைக்காரன் செத்தால் சிறுத்தை என்ன செய்யும் என்பதற்காகப் படித்திருக்கிறேன். எதிர்ப்பக்கத்து நாய்க்கும் அதே வரிதான் என்று யோசிக்கவில்லை.

பிரேமா உருட்டினாள். பதினெட்டு. நாய் சிறுத்தையின் கழுத்தைப் பிடித்தது. அடுத்த சுற்றில் இருபது. நான் குனிந்து பார்த்தேன். இருபதுதான். சிறுத்தை விழுந்தது. வேட்டைக்காரன் நாய்மேல் அம்பு விட்டான். நாய்மேல் விட்ட ஒவ்வொரு அம்பும் ஜெரால்டுமேல் விடாத அம்பு என்று எழுதியவளே நான்தான். ஆனாலும் நாய்மேல்தான் விட்டேன். ஆத்திரத்தில் எனக்குக் கண் தெரியவில்லை. ஜெரால்டு பாறைமேல் ஏறி வேட்டைக்காரனை முடித்தான். நாய்க்கு இரண்டு உயிர் மிச்சம். உன் வைத்தியக்காரிமேல் காலை வைத்துக்கொண்டு நின்றது.

கணக்கில் சேர்க்காத மிருகத்திடம் நாலாவது முறையாகத் தோற்றேன். இந்த முறை சேர்க்காமல் விட்டது நான்.

"சரி. ஆள் செத்தது செத்ததுதான். தாளக் குடு, மிஷின்ல வுடலாம்" என்றேன்.

பிரேமா தாளைக் கொடுக்கவில்லை. "தாள்ல நாய் கீதேக்கா" என்றாள். பயந்துகொண்டேதான் சொன்னாள். ஜெரால்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய கிளித் தாள் இன்னும் லேமினேட் ஆகாமல் டிராயரில்தான் கிடக்கிறது. உன் சட்டத்தை நான் நாய்க்குச் சொன்னேன். உன் சட்டத்தையே அவள் எனக்குச் சொன்னாள்.

அப்போதுதான் பிரேமா தாளைத் திருப்பினாள். பின்பக்கம் உன் கையெழுத்தில் பென்சிலால் இரண்டு வரி. "நாய்: ஏவினா பாதி மல்லாட்டை. நான் விழுந்தா ஒரு முழு மல்லாட்டை. மேகலாகிட்ட சொல்லாதே."

என் மனுவிலிருந்த கணக்கு. அப்படியே. படித்திருக்கிறாய், ஒத்துக்கொண்டிருக்கிறாய், அதற்கு மேலும் ஒரு படி யோசித்திருக்கிறாய், உனக்கு மட்டும் வைத்துக்கொண்டிருக்கிறாய். உனக்குத் தெரிந்தே கரடியை விட்டிருக்கிறாய்.

ஜெரால்டு என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தான். "உங்களுக்குக் கோவம் வந்தாத்தான் நல்லா ஆடுவீங்களாம்க்கா. இல்லன்னா மேகலா ஞாயித்துக்கெழம வராம வீட்டுலயே குந்திக்குவான்னு அவங்க சொல்லுவாங்க" என்றான். பிரேமாவும் தலையை ஆட்டினாள். ரொம்ப அழகான விளக்கம். கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் போடலாம். நான் நம்பவில்லை. உன்னை எனக்குத் தெரியும். உனக்கு ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான். கேரம் ஆடினாலும் அப்படித்தான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்கும் அப்படித்தான். எனக்கு அந்த உன்னைத்தான் பிடிக்கும். போஸ்டரில் இருந்தவளை யார் என்றே எனக்குத் தெரியவில்லை.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகள் திரும்பவும் நடக்கின்றன. நான் கதை சொல்கிறேன். பிரேமா புது ஆள் எழுதவில்லை. எழுதச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். நாயைத்தான் ஆடுகிறாள். காயமெல்லாம் ஆறி, இப்போது அது ஜெரால்டின் ஆளோடு ஊர் ஊராகச் சுற்றுகிறது. சண்டை வரும்போதெல்லாம் அதற்கு ஒரு முழு மல்லாட்டை வைக்கிறேன். ஜெரால்டு ஒருநாள், "பாவம்க்கா, ஒரு பேரு வச்சிடலாமா?" என்று கேட்டான். கூடாது என்று கத்திவிட்டேன். பேர் வைத்துவிட்டால் அப்புறம் எப்படிக் கொல்வது?

கொல்லத்தான் போகிறேன். நீ நிம்மதியாக இருந்துவிடாதே. அந்த நாய்க்கு உயிர் ஒன்பதுதான். எத்தனை எதிரி வைத்தால் அது பிழைக்காது என்று ஆபீஸ் டைரியில் ஆடிப் பார்த்துவிட்டேன். மூன்று மல்லாட்டை போதும். இந்த முறை ஒன்றையும் சேர்க்காமல் விடவில்லை. அது செத்தால் உன் தாளில் உயிர் ஒன்றும் மிச்சமில்லை. மிஷினில் விட்டு, ஓட்டை போட்டு, வேலம்மாவுக்குப் பக்கத்து ஆணியில் என் கையால் தொங்கவிடுவேன். ஆணிகூட அடித்தாகிவிட்டது. அந்த மூன்று மல்லாட்டையையும் காயவைத்து என் கைப்பையின் ஜிப் அறையில் வைத்திருக்கிறேன். நேற்று ஷேர் ஆட்டோக்காரருக்குச் சில்லறை தேடும்போது விரலில் பட்டது. எண்ணிப் பார்த்தேன். மூன்றும் இருந்தன.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பஸ்ஸில் ஏறும்போது இன்றைக்கு என்று முடிவு செய்கிறேன். திண்டிவனத்தில் இறங்கும்போதும் அந்த முடிவு மாறுவதில்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்து, கதையில் அந்த நாய் தனியாக ஒரு திருப்பத்துக்கு வரும்போது, என் கை பைக்குள் போகிறது. ஜெரால்டு பகடையைக் கீழே வைத்துவிடுகிறான். பிரேமா தாளின்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு என் கையையே பார்க்கிறாள்.

போன ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் பார்த்தாள். "இன்னிக்காக்கா?" என்று கேட்டாள்.

ஜிப்பை மூடினேன்.

"வாய்தா" என்றேன்.